இரண்டாவது தாடி

என் தாடியைப் பார்த்துத்தான் ஷ்யாமல் என்னைக் கதாநாயகன் ஆக்கினான். நடிப்பைப் பார்த்து அல்ல. கல்கத்தா டல்ஹௌசியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்கள், அடுத்தடுத்த மேஜை. கடன் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவன் ஒரு படம் எடுக்கத் தொடங்கியிருந்தான். யாருக்கும் சம்பளம் கிடையாது. கதையில் வேலையில்லாத ஒருவன் ஓர் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பான். அவனுக்குத் தாடி வேண்டும். ஒட்டுத் தாடி என்றால் மேக்கப்காரர் வேண்டும், பசை வேண்டும், முகம் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். நிஜத் தாடி இலவசம்.

அது 1972. தாடி வைத்துப் புரட்சி பேசும் இளைஞர்கள் கல்கத்தாவில் நிறையப் பேர் இருந்தார்கள். போலீஸ்காரர்கள் எங்களை இரண்டு முறை திரும்பிப் பார்ப்பார்கள். நானும் அந்த ரகம் என்று ஷ்யாமல் நினைத்துக்கொண்டான். உண்மையில் என் மனைவி ராஜலக்ஷ்மிக்கு அப்போது ஏழாம் மாதம். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் சவரம் செய்துகொள்ளக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். லேக் மார்க்கெட் பக்கம் எந்தத் தமிழரும் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள். அதனால் அவனுக்கும் தெரியும் என்று நான் இருந்துவிட்டேன்.

படம் எடுப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது கணக்கு. காமிராவில் ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி பிலிம் ஓடும். முழு டப்பா வாங்க ஷ்யாமலிடம் வசதி இல்லை. டாலிகஞ்ச் ஸ்டூடியோக்களில் பெரிய படங்கள் முடிந்ததும் மிஞ்சும் துண்டுகளை வாங்குவான். நூறடி, நூற்றைம்பது அடி. துண்டு எத்தனை அடியோ, காட்சியும் அத்தனை அடிதான். வசனத்தை நான் ஸ்டாப்வாட்ச் வைத்துப் படித்துக் காட்டுவேன். நீண்டுவிட்டால் ஷ்யாமல் ஒரு வரியை அடிப்பான்.

இன்னொன்று, காட்சிகளைக் கதை வரிசையில் எடுக்க மாட்டார்கள். ஜாதவ்பூரில் அந்த அறை எந்த ஞாயிறு கிடைக்கிறதோ அன்று அறைக் காட்சிகள். அது தொடக்கமாகவும் இருக்கலாம், முடிவாகவும் இருக்கலாம். ஆகவே எல்லா ஞாயிறும் எனக்கு ஒரே முகம் இருக்க வேண்டும். ஆறு ஞாயிறு என்று சொன்னது ஒன்பதாக நீண்டிருந்தது. இன்னும் இரண்டு பாக்கி இருந்தபோது, குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே, ஒரு வியாழக்கிழமை குழந்தை பிறந்துவிட்டது. பையன்.

லேக் கார்டன்ஸில் என் மாமனார் சிவராமகிருஷ்ணன் விரல் விட்டு எண்ணினார்.

"பதினோராம் நாள் ஞாயித்துக்கிழமை வரது. பத்தரைக்குப் புண்யாஹவாசனம், பேர் வைக்கணும். அன்னிக்காவது மாப்பிள்ளை முகத்தோட வாங்கோ."

மறுநாள் ஆபீசில் ஷ்யாமலிடம் சொன்னேன். வங்க மொழியில்தான் பேசிக்கொண்டோம்.

"தாடியை எடுக்கப் போறியா? எதுக்கு?"

"குழந்தை பொறந்தாச்சே."

"குழந்தைக்கும் தாடிக்கும் என்ன சம்பந்தம்?"

விளக்கினேன். அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"இதை ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

"தாடி வெச்ச ஆளைப் பாத்தா, உன் பொண்டாட்டிக்கு எத்தனாவது மாசம்னா கேப்பாங்க?"

வந்த ஞாயிறு, பாக்கியிருந்த அறைக் காட்சிகளையெல்லாம் விடியலிலிருந்து பொழுது சாயும்வரை எடுத்துத் தீர்த்தான். கடைசிக் காட்சியை மட்டும் மாற்றி எழுதினான். அறையைவிட்டு வெளியே வரும் கதாநாயகன் தெருவோரத்தில் சவரம் செய்துகொள்கிறான். படம் முடிகிறது.

பதினோராம் நாள் காலை ஆறு மணிக்கு டாலிகஞ்ச் டிராம் டிப்போ பக்கத்தில், மரத்தடி நாவிதர் முன் உட்கார்ந்தேன். நூற்றைம்பது அடித் துண்டு. காமிராவில் மாட்டுவதிலும் கழற்றுவதிலும் பதினைந்து அடி வீணாகும். மிச்சம் தொண்ணூறு நொடி. ஒரே டேக், தாடியை இரண்டாம் தடவை எடுக்க முடியாதே. நாவிதர் காமிராவுக்குப் பயந்து நுரையைப் போட்டுக்கொண்டே இருந்தார். மனத்துக்குள் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டில் கத்தி கன்னத்தைத் தொட்டது. எண்பத்தெட்டில் ஒரு கன்னம் வெளியே வந்தது. காற்று பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதுவும் நடிப்பல்ல.

பத்தரைக்குப் புது முகத்தோடு மணையில் உட்கார்ந்தேன். பையனுக்கு வாஞ்சிநாதன் என்று பெயர் வைத்தோம். ராஜலக்ஷ்மி என் கன்னத்தைப் பார்த்து, "இப்பத்தான் கல்யாணம் பண்ணிண்ட ஆள் மாதிரி இருக்கேள்" என்றாள்.

மூன்று வாரம் நான் சுதந்திர மனிதன்.

எடுத்த பிலிமை லேபில் கழுவினால்தான் படம் தெரியும். கழுவப் பணம் வேண்டும். அதனால் எடுத்த டப்பாக்களெல்லாம் ஷ்யாமல் வீட்டு அலமாரியில் அப்படியே இருந்தன. மொத்தமாகக் கழுவிய பிறகு, ஒருநாள் அவன் சந்தேஷ் பெட்டியோடு என் மேஜைக்கு வந்தான். இனிப்பைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்தது.

"எட்டாம் டப்பா போச்சு, பட்டாபி."

பழைய பிலிமில் வெப்பம் ஏறினால் வெளிச்சமே படாமலும் புகை படிந்ததுபோல் மங்கிவிடும். காட்சி முழுக்கச் சாம்பல்தான் தெரியும். எட்டாம் டப்பாவில்தான் வேலை இல்லை என்ற கடிதத்தை நான் படிக்கும் காட்சி இருந்தது. அது இல்லாவிட்டால் அவன் ஏன் அறைக்குள் கிடக்கிறான் என்று யாருக்கும் புரியாது.

"ஒட்டுத் தாடி?" என்றேன்.

"நிஜத் தாடிக் காட்சிக்குப் பக்கத்துல வந்தா காட்டிக் கொடுத்துடும். கடிதம் படிக்கறது குளோசப்."

பதினோரு பேர் சம்பளமில்லாமல் பதினோரு ஞாயிறு உழைத்திருந்தார்கள். தங்க வளையல்கள் படத்துக்காக அடகுக்குப் போய், அவன் மனைவியின் கைகளில் இப்போது சங்கு வளையல் மட்டும்தான். நான் ஒரு சந்தேஷை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அதுதான் பதில்.

"எத்தனை நாள்ல வளரும்?" என்றான் மெதுவாக.

"ரெண்டு மாசம். கூடவும் ஆகலாம்."

பையனுக்கு மூன்று மாதம் ஆனபோது மனைவியையும் குழந்தையையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். தாடி கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் லேக் மார்க்கெட்டில் பாகீரதி மாமியின் மளிகைக் கடைக்குப் போனேன். மாமி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"பட்டாபி, குழந்தைக்கு மூணு மாசந்தானேடா ஆறது?"

"மாமி, அது வேற. பிலிம்னு ஒண்ணு இருக்கு. அதுல வெப்பம் ஏறினா..."

"எனக்கெதுக்குடா விளக்கம். பெத்தவா சந்தோஷமா இருந்தா சரி."

கடையில் இருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமி பருப்பைப் பொட்டலம் கட்டினாள். காசை எண்ணி வாங்கிக்கொண்டாள். பிறகு, நான் கேட்காமலே, ராஜலக்ஷ்மிக்கென்று நாலு நாரத்தங்காய் வற்றலைப் பையில் போட்டாள்.