காலத்தின் கடைவாய்ப்பல்

காலத்துக்கே கடைவாய்ப்பல் பிடுங்கியவன் நான். மரத்துப்போக ஊசிகூடப் போடவில்லை. காலம் "ஆ" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

இதைச் சொல்லும்போதெல்லாம் என் மனைவியின் தம்பி சோபாவில் சாய்ந்துகொண்டு, "போன வாரம் சிங்கத்துக்குப் பல்லு கட்டினேன்னீங்க. இன்னிக்குக் காலமா அத்தான்?" என்பான். வெளியே மழை பெய்கிறது என்றால் ஜன்னல் வழியே கையை நீட்டி, நனைந்த பிறகுதான் நம்புகிற ரகம். அவனும் அன்றைக்கு அங்கேதான் நின்றான். நேற்றுவரை ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

கதையின் வில்லன் எங்கள் அடுக்குமாடியின் செக்ரட்டரி. எங்கள் மொட்டைமாடியில் ஓர் அறை உண்டு. மூன்று பக்கமும் ஜன்னல். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்தாலும் தையல் தெரியும், அப்படி வெளிச்சம். வருடத்துக்கு ஒரு வீட்டுக்குத் தருவார்கள். குறித்த ஞாயிறன்று காலை பத்து மணிக்குக் கீழ்த்தள ஆபீசில் யார் முதலில் வந்து கேட்கிறாரோ அவருக்கு. பத்துக்கு முன்பே வந்து கேட்டால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். ஒரு புண்ணியவான் முந்தின நாளே பாய் தலையணையோடு வந்து ஆபீஸ் வாசலில் படுத்ததால் பிறந்த விதி அது.

என் மனைவி தையல் சொல்லித் தருகிறாள். எங்கள் படுக்கையறைதான் வகுப்பு. கட்டில் மேல் துணி வெட்டுகிறார்கள். மிஷின் ஓடினால் பக்கத்து வீட்டுப் பாத்திரம் ஆடுகிறது. நான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். அந்த அறை கிடைக்காவிட்டால் வகுப்பை நிறுத்திவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள்.

போன வருடம் போனில் மணி பத்து அடித்ததும் ஆபீசுக்குள் கால் வைத்தாள். செக்ரட்டரி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"என்னக்கா, முந்திரிக்கொட்டையாட்டம்? இன்னும் பத்து ஆகலையே. வாலுக்குப் போங்க."

"என் போன்ல ஆயிடுச்சே!"

"போன் நேரமெல்லாம் தெருவுக்கு. இந்த ஆபீசுக்கு இந்தக் கடிகாரம்தான் நேரம். இதுல மாத்தமே இல்ல."

அந்தக் கடிகாரம் சாவகாசமாகப் பத்தைத் தொட்டபோது, செக்ரட்டரியின் மருமகன் ஏப்பம் விட்டபடி வந்து அறையைக் கேட்டான். கிடைத்தது. அதில் இரண்டு இரும்புக் குண்டுகளை வைத்துப் பூட்டினான். ஒரு நாளும் தூக்கியதில்லை. அன்றைக்கு என் மனைவி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையில் மூன்று கை இருந்தது.

நான் பழி வாங்குவது என்று முடிவெடுத்தேன். என் நாற்காலியில் வாயைப் பிளந்து உட்கார்ந்தவர்கள் பல்லாயிரம் பேர். பொறுமையாகப் பிடுங்கத் தெரியும்.

ஆயுதம் என் செருப்பு அலமாரி மேலேயே கிடந்தது. எங்கள் வீட்டு வைஃபை ரூட்டர். ஆபீசுக்கு நேர் மேலே எங்கள் வீடு. "கொஞ்சம் சிக்னல்தானே டாக்டர், காத்துல போறதுதானே" என்று செக்ரட்டரி என் வைஃபையில்தான் ஓசியில் காலம் தள்ளினார். ஒருநாள் போனில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, என் வைஃபையில் யார் யார் தொங்குகிறார்கள் என்று பார்த்தேன். ஆபீஸ் கடிகாரமும் தொங்கிக்கொண்டிருந்தது! அது வைஃபை கடிகாரம். என் ரூட்டரிடம் நேரம் கேட்டுத்தான் முள்ளை நகர்த்துகிறது. என் ரூட்டரோ நேரத்தை யாரிடமும் கேட்பதில்லை. மின்சாரம் போனால் தூங்கிவிடும். வந்தால் விட்ட இடத்திலிருந்து எண்ணும். ஒவ்வொரு மின்வெட்டுக்கும் ஆபீசின் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியிருக்கிறது. செக்ரட்டரிக்கு அது தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"அப்ப நம்ம பெட்டியேதான் என்னைக் கவுத்துச்சா?" என்றாள் மனைவி. அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

"சொல்லு, இந்த வருஷம் நேரத்தை நம்ம இஷ்டத்துக்கு ஓட்டிடறேன். அவன் மருமகனுக்கு விடியவே விடியாது!"

"ஒண்ணும் வேணாம். திருட்டு நேரத்துல வர்ற ரூம் எனக்கு எதுக்கு? சரியான நேரத்தையே கொடுங்க. அதைவிடப் பெரிய தண்டனை அவங்களுக்கு இல்ல."

பழிவாங்குவதில் என்னைவிட அவள் ஒரு படி மேல்.

துல்லியமாக நேரம் காக்கும் மென்பொருள் ஒன்றை ரூட்டருக்குள் ஏற்ற உட்கார்ந்தேன். இடமே இல்லை, ஞானப்பல் முளைக்க வழியில்லாத தாடை மாதிரி இருந்தது. உபயோகமில்லாத சிலதைப் பிடுங்கி இடம் பண்ணினேன். ஏற்கெனவே உள்ளே இருந்த பழைய நேரக் காவலனை முதலில் நிறுத்தினேன். ஒரே வாய்க்குள் இரண்டு டாக்டர் கை விடக் கூடாது. புதியவன் கெட்டிக்காரன். இணையத்தில் நாலு நேரக் கணினிகளிடம் மணி கேட்பான். அதில் ஒன்று உளறினால் ஒதுக்கிவிடுவான். ஒரேயடியாகத் தாவாமல், அரை மயிர் அரை மயிராக நேரத்தைச் சரி செய்யும்படி சொல்லிவைத்தேன். தாவினால் செக்ரட்டரி கண்டுபிடித்துவிடுவார். நல்ல பல் டாக்டர் பல்லை இழுப்பதில்லை. அசைத்து அசைத்து, அது தானாகவே வந்த மாதிரி எடுப்பான்.

"இந்த டப்பாவை வச்சு நேரத்தை இழுக்கறீங்களா? இழுங்க, இழுங்க" என்று தம்பிக்காரன் சிரித்தான்.

கடிகாரம் மெல்ல மெல்லச் சரியான நேரத்தைப் பிடித்ததை யாரும் கவனிக்கவில்லை. தனக்குச் சாதகமான பொய்யை எவன் திரும்பச் சரிபார்க்கிறான்?

அந்த ஞாயிறு வந்தது. அடுக்குமாடியே ஆபீஸ் வாசலில் கூடியது. தம்பியும் வந்தான், நான் மூக்குடைபடுவதைப் பார்க்க. போனில் பத்து ஆனதும் என் மனைவி உள்ளே கால் வைத்தாள்.

செக்ரட்டரி தலையை நிமிர்த்தவேயில்லை. கட்டை விரலால் முதுகுக்குப் பின்னால் சுவரைக் காட்டினார்.

"இந்த வருஷமும் முந்திட்டீங்களேக்கா! மணியைப் பாருங்க."

"பார்த்துட்டேன். நீங்களும் ஒரு தடவை திரும்பிப் பாருங்க தம்பி."

திரும்பினார். பத்து. அவர் முகம் போன போக்கில், வாயில் மிச்சமிருந்த பற்களை எல்லாம் வாசலில் நின்றபடியே எண்ணினேன். தன் போனை எடுத்தார்.

"போன் தெருவுக்குன்னு சொன்னீங்களே தம்பி. இந்த ஆபீசுக்கு இந்தக் கடிகாரம்தானே நேரம்?" என்றாள் மனைவி.

கூட்டம் சிரித்தது. வேறு வழியில்லாமல் செக்ரட்டரி சாவியை எடுத்து நீட்டினார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான், கழுத்தில் துண்டோடு மருமகன் ஆடி அசைந்து வந்தான். சுவரைப் பார்த்தான். அலறினான்.

"மாமா! இது பின்னாடிதானே ஓடும்? மெதுவா வந்தா போதும்னு நீங்கதானே சொன்னீங்க!"

என் ஆயுளில் அதைவிட இனிய சத்தத்தைக் கேட்டதில்லை. செக்ரட்டரி மருமகனைப் பார்த்த பார்வையில் அந்த இரும்புக் குண்டுகள் உருகியிருக்கும். அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் அவருடைய நாற்காலியும் போனது. புது செக்ரட்டரிக்கும் சிக்னல் தருகிறேன், நேரத்தோடு சேர்த்து.

நேற்று மாடி அறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கட்டிலில் கால் நீட்டிப் பேப்பர் படித்தேன். தம்பியிடம் கேட்டேன்: "காலத்துக்குப் பல் பிடுங்கினேனா இல்லையாடா?"

செருப்பு அலமாரி மேல் மினுக்கிய ரூட்டரைப் பார்த்தான். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சத்தமில்லாமல் போனைப் பார்த்து முள்ளைக் கொஞ்சம் நகர்த்திச் சரி செய்தான்.

"சிங்கத்தை நம்பமாட்டேன் அத்தான்," என்றான். "ஆனா இது நடந்தது. நானே நின்னு பார்த்தேன்."