கரண்டி விழும் இடம்

பச்சைக் கோடு ஒன்று கம்ப்யூட்டர் திரையில் நடுங்கிக்கொண்டே போகிறது, காதில் எதையும் மாட்டாமல், அந்த ஒலிக்கோட்டை வெறும் கண்ணால் பார்த்தே, பேசுவது ஆணா பெண்ணா, எந்த ஊர்க்காரர், காலையில் இட்லி தின்றாரா பழையது குடித்தாரா என்பது வரைக்கும் சொல்லிவிடுவேன், கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் இந்தத் தொழிலில் முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒருதடவைதான் தப்பியது, அதுவும் அந்த ஆள் இட்லியும் தின்று பழையதும் குடித்திருந்தார். நான் இப்படிச் சொன்னதற்கு நயினார் சிரிக்கவில்லை. என் மனைவி கோமதியின் தம்பி, எனக்கு மச்சினன், கல்யாண வீடுகளில் எனக்குக் கேமரா பிடித்தவன், இப்போது தென்காசியில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறான், மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் கிடக்கும் என் ஏழு ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுபோய், உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுத் தன் வேலைக்கு வைத்துக்கொள்ள வந்திருக்கிறான், நான்தான் எடுத்துக்கோ என்றேன், கோமதி போன பிறகு யார் எதைக் கேட்டாலும் எடுத்துக்கோ என்றுதான் சொல்கிறேன், என்னையே கேட்டிருந்தாலும் பையில் போட்டுக் கொடுத்திருப்பேன். சொல்லுததுக்கும் ஒரு அளவு வேண்டாமா அத்தான், என்கிறான், கோட்டுக்குள்ள இட்லி தெரியுமாக்கும், என்றபடி ஏற்கெனவே ஒயர் சுற்றி வைத்த ஆறோடு சேர்க்க ஏழாவது டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்க, பச்சைக் கோடு போய்த் திரை முழுக்கச் சிவப்பாகிறது, கோப்பைக் காணவில்லை, கோப்பைக் காணவில்லை என்று மேலிருந்து கீழே வரிசையாக.

அந்தச் சிவப்பைப் பார்த்ததும்தான் எனக்குள் ஏதோ இடறுகிறது, நயினாரு, அதை மாட்டு, இதுக்குள்ள உங்க அக்கா குரலு கெடக்கு, என்கிறேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது, அக்காவா, கேமராவைக் கண்டா தூணுக்குப் பின்னால போயி நின்னுக்கிடுவா, இருபத்திரண்டு வருஷத்துல நான் புடிச்சதெல்லாம் அவ முதுகுதான், குரலு எங்கேயிருந்து வரும், போயிச் சாப்பிடுங்க அத்தான். அதுதான் விஷயம், ஆறு மாதமாக அவள் முகம் வருகிறது, செருப்பு வருகிறது, ஈரக்கையை முந்தானையில் துடைப்பது வருகிறது, வாய் அசைகிறது, குரல் மட்டும் வரவில்லை, கேமராவிலிருந்து ஏற்றும்போது படம் மட்டும் ஏறி ஒலி ஏறாமல் விட்டுப்போன டேப் மாதிரி. ஆஸ்பத்திரியில் அவள் தலைமாட்டிலும் ஒரு பச்சைக் கோடு ஓடியது, நர்ஸுக்கு முன்னால் அதைப் படித்தவன் நான்தான், நயினார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், நான் அந்த ட்யூப்லைட் சிமிட்டுகிறதே, இதில் எடுத்தால் படத்தில் பட்டை விழுமே என்று நினைத்துக்கொண்டு நிற்கிறேன், இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன் போலிருக்கிறது.

அவன் மாட்டவில்லை, ஒயர் அவன் கையில் தொங்குகிறது, நான் சொல்லிக்கொண்டே போகிறேன், அவனுக்கா எனக்கா தெரியவில்லை. தொழிலுக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் வருஷம், வேண்டாத துண்டுகளை எடிட்டிங் பட்டியலிலிருந்து எடுக்கும்போது, டிஸ்க்கிலிருந்தும் அழித்துவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்டது, பெரிய மனுஷன்போல ஆமாம் என்று அமுக்கினேன், கடையநல்லூர்க் கல்யாணம் ஒன்றின் தாலிகட்டு முழுசும் போயிற்று, காலில் விழுந்து அவர்களை மறுபடி மேடையேற்றி மூன்று மாதம் கழித்து இன்னொருதடவை தாலி கட்டவைத்தேன், பொண்ணு மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டே கழுத்தை நீட்டியது, கெட்டிமேளத்துக்கு ஆள் இல்லாமல் நானே எவர்சில்வர் அண்டாவைத் தட்டினேன், அந்த அடி சுரண்டை வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து அது எத்தனை தடவை கேட்டாலும் என் விரல் தானாக வேண்டாம் என்றுதான் அமுக்கும், பட்டியலில் இருந்து போய்விடும், டிஸ்க்கில் கிடக்கும், பெயர்கூட இல்லாமல், மெஷின் கொடுத்த நம்பரோடு, எட்டாயிரமோ எண்பதாயிரமோ. அதில் பாதி என் குரல், கல்யாண வீடியோவின் தொடக்கத்தில் மணமக்கள் பெயர் சொல்ல நானே மைக்கில் பேசுவேன், குற்றாலத்து அருவி ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் பிறகு விழுந்த குரல், மைக்கை ஆன் செய்து தொண்டையைக் கனைத்து மணமகன் திருநிறைச்செல்வன் என்று ஆரம்பிப்பேன், சரியாக அந்த நேரம் பார்த்துக் கோமதி கதவைத் திறப்பாள், பதிவை நிறுத்திவிட்டுப் பாழாப்போச்சு என்று கத்துவேன், பட்டியலிலிருந்து எடுப்பேன், அழிக்கவா என்று கேட்கும், வேண்டாம்.

நயினார் ஒயரை மாட்டுகிறான். கோப்பு எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கேட்கிறது, இங்கே என்று காட்டுகிறேன், சிவப்பு ஒவ்வொன்றாகப் போகிறது, பட்டியலுக்கு வெளியே கிடந்த துண்டுகளையும் உள்ளே இழுக்கிறேன், நம்பர்கள் வருகின்றன, நம்பருக்குள் கோடுகள், இது நாதஸ்வரம், இது பந்தியில் எவனோ ரசம் கேட்கிறான், இது நான், இதுவும் நான், எவ்வளவு பேசியிருக்கிறேன், வெயில் தகரத்தில் இறங்கி முதுகு நனைகிறது, கை மட்டும் ஜில்லென்று மௌஸைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அப்புறம் நிற்கிறது. என் குரல் நின்றதும் தட்டைக் கோடு, அதில் சீப்புப் பல் மாதிரி நீளமாகக் கோடுகள், கதவு கிரீச்சிடுவது. ஒரு மேடு, சின்ன இடைவெளி, நாலு சின்ன மேடுகள், படியேறி வந்தவளுக்கு மூச்சு வாங்கும் இடம், மறுபடி மேடுகள், கடைசியில் ஊசிபோல ஒன்று. ஹெட்போனை அவனிடம் நீட்டுகிறேன், எனக்கு மாட்டிக்கொள்ளத் துணிச்சல் இல்லை, சொல்லுதேன் கேளு, முதல்ல கதவு, அப்புறம் இங்கேருங்க என்பா, அப்புறம் சோறு ஆறிப்போச்சு, மூச்சு, அந்த மாப்பிள்ளை எங்கேயும் ஓடிப்போயிர மாட்டான், எந்திரிச்சு வாங்க என்பா, கடைசியில கையிலிருக்க கரண்டி நழுவிக் கீழ விழும். கரண்டியா, என்றான், உங்களுக்குக் கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு அத்தான், என்று சொல்லிக்கொண்டே மாட்டிக்கொண்டான்.

பச்சைக் கோடு திரையில் நடக்கிறது, நடுக்கம் இல்லை இப்போது, படியேறி, கதவைத் திறந்து, நின்று, மூச்சு வாங்கி, எனக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எந்திரிச்சு வாங்க என்ற இடத்தைக் கோடு தாண்டும்போது என் முழங்கால் தானாக நாற்காலியிலிருந்து எழப் பார்க்கிறது. நயினார் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு திரையையே பார்க்கிறான், கோடு ஊசியைத் தொடுகிறது, அவன் தோள் திடுக்கிட்டுத் துள்ளுகிறது, ஹெட்போனை மெல்லக் கழற்றி என் மடியில் வைக்கிறான், கொண்டுபோகச் சுற்றி வைத்த மற்ற ஆறு டிஸ்க்கின் ஒயரையும் பிரித்து மறுபடி மாட்டத் தொடங்குகிறான், என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொல்கிறான், ஆமா அத்தான், கரண்டியும் விழுது.