அவர் போட்ட கட்டு

படகுப் பந்தய வாரத்தில் கழி ஒடிந்துபோயிற்று. காற்று முதுகுப் பக்கம் வீசும்போது படகுக்கு முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்குமே பலூன் பாய், அதன் மூலையை எட்டத் தள்ளிப் பிடிக்கிற அலுமினியக் கழி. அது இல்லாவிட்டால் அந்தப் பாய் வெறும் ஈரத்துணி.

போன வருடக் கோப்பையை வென்ற பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்தார். "பேசாம கரையில உக்காந்து கை தட்டுங்கம்மா. அவர் இல்லாம அந்தப் பாயை நீங்க ரெண்டு பேரும் அடக்க முடியுமா?"

அவர் என்றது அவளுடைய கணவரை. அவர் இறந்துபோன பிறகு அவளும் நாத்தனாரும் அன்றுதான் முதன்முதலாகப் படகை ஏரியில் இறக்கியிருந்தார்கள். இந்தப் பந்தயத்துக்குப் போகாவிட்டால் இனி எந்தக் காலத்திலும் போகமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் கார் ஷெட்டின் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். அங்கே கணவர் ஏரியில் தனியாக நின்றபடி ஓட்டிய, பாய் மாட்டுகிற பலகை தொங்கியது. பக்கத்திலேயே அதன் கார்பன் பாய்மரம், கறுப்பாக, நீளமாக.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. அதை அறுத்தா கழி ஆச்சு."

"உன் நாக்கை அறுப்பேன்."

"சரி, அறுங்க. அடுத்து அதை அறுக்கலாம்."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. பார்க்கத்தான் என்று சொல்லி இறக்கினாள். அடியிலிருந்து மார்பு உயரத்தில், அவர் கைப்பிடி மாட்டுகிற இடத்தில், கார்பன் துணி சுற்றிய கனத்த கட்டு. அங்கே ஒருமுறை விரிசல் விட்டிருந்தது.

"ஐயோ, கட்டுப் போட்ட மரமா? காத்து அடிச்சா மொதல்ல அங்கதான் போகும்," என்றாள் நாத்தனார்.

அந்தக் கட்டை அவர் சுற்றியபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். ஆட்டுக்குட்டி காலுக்கா போடுறீங்க என்று கேலிகூடச் செய்தாள். அவர் நிமிராமல், "இனி இது எங்க ஒடிஞ்சாலும் இங்க ஒடியாது," என்றார்.

ஒடிந்த கழியை மரத்தின் மேல் வைத்து அளந்தாள். நுனியில் ஒல்லியான பகுதியை மட்டும் எடுத்துவிட்டால் கட்டு நட்டநடுவில் வந்தது. கழி அதிகம் வளைகிற இடமும் அதுதான்.

நார் பிரியாமலிருக்க டேப் ஒட்டி, அவளே ரம்பத்தை எடுத்தாள். நுனி தனியாக விழுந்தது. பழைய கழியின் கொக்கிகளைக் கழற்றி இரு முனைகளிலும் மாட்டினால் லொடலொடவென்று ஆடின. மரத்தக்கை செதுக்கி, பசை ஊற்றி இறுக்கினார்கள்.

பந்தயத்தில் கடைசித் திருப்பம் வரை பக்கத்துப் படகுக்காரர்தான் முன்னால். திரும்பியதும் காற்று முதுகுக்கு வந்தது. பலூன் பாய் படீரென்று விரிந்தது. படகு முன்னால் பாய்ந்தது. அடுத்த வீச்சில் கழி வில்லாக வளைந்தது.

"அண்ணி, இறக்கிடலாமா?"

"இறக்காதே! இழுத்துப் பிடிடீ!"

அவள் பாயைப் பார்க்கவில்லை, கணவர் சுற்றிய கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழி வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. பக்கத்துப் படகின் பின்புறம் வந்தது, நடு வந்தது, வாயைப் பிளந்தபடி அந்தப் படகுக்காரர் முகமும் வந்து பின்னால் போயிற்று. எல்லைக்கோட்டில் ஊதல் ஒலித்தபோது நாத்தனார் கத்திய கத்தலில் கரையிலிருந்த நாய்கள் குரைத்தன.

கரையில், போன வருடம் வென்ற கோப்பையைக் கொடுக்க வந்த பக்கத்துப் படகுக்காரர் கழியைத்தான் முதலில் தடவினார். "இது எந்தக் கடையிலம்மா?"

"கடையில கிடைக்காது," என்றாள். "நல்லாப் பாருங்க. கட்டை மட்டும் பிரிச்சிடாதீங்க, அது அவர் போட்டது."