பூவராகவன் பொரித்துத் தின்ற ஆமை

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பூவராகவனுக்குப் பசி வந்த அன்று பறந்தது பத்தோடு நிற்கவில்லை. ஒரு கடல் ஆமையின் குடல், ஈரல், நுரையீரல் எல்லாம் சேர்ந்து பறந்தன. ஆனால் மனுஷர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அதைச் சொல்லாமல் மேலே போனால் பாவம்.

எண்பத்தொன்றாம் வருஷம், ஏப்ரல் மாதக் கடைசி. பூவராகவன் மத்திய சர்க்காரில் அசிஸ்டென்ட். சண்டிகருக்கு ஆபீஸ் டூர் போய்விட்டு நாலைந்து நாள் கழித்து அன்று சாயங்காலம்தான் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியிருந்தார். கதவு பூட்டியிருந்தது. மனைவி வத்சலா பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. தன் சாவியால் திறந்து உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினாரோ இல்லையோ, ஆந்தி கிளம்பிவிட்டது. டெல்லிக்காரர்களுக்குத் தெரியும், அந்தப் புழுதிக்காற்று சொல்லிக்கொண்டு வராது. வானம் செம்மண் நிறமாகி, ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

'ஐயோ, வடாம்!' என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. வெயில் காலம் வந்தால் வத்சலா மொட்டைமாடியில் வடாம் பிழியாமல் இருக்கமாட்டாள். பனியனோடு மாடிக்கு ஓடினார். பழைய வேட்டி விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, வடாம் காய்ந்துகொண்டிருந்தது. நான்கு மூலையையும் கூட்டி அள்ளி மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கண்ணெல்லாம் மண். மனசெல்லாம் பெருமை.

மூட்டையை அவிழ்த்தால் வெள்ளை வடாம்களுக்கு நடுவே கலர் கலராக இன்னும் என்னென்னவோ இருந்தன. கேசரி நிறத்தில் உருண்டையாய் ஒன்று. பீட்ரூட் நிறத்தில் தட்டையாய் ஒன்று. முறுக்கு நாழியில் பிழிந்து சுருட்டி வைத்த மஞ்சள் வளையம். பெண்டாட்டி புதுசாக ஏதோ பழகியிருக்கிறாள் என்று பூவராகவன் மகிழ்ந்து போனார். அடுப்பில் ரசம் இருந்தது. எண்ணெய்ச் சட்டியை ஏற்றினார். பெரியதாகவும் அழகாகவும் இருந்ததை எல்லாம் முதலில் போட்டார். அசிஸ்டென்ட் என்றாலும் ரசனை உள்ளவர்.

வத்சலா புழுதியோடு புழுதியாக வந்து சேர்ந்தபோது அவர் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, மாடில காயப் போட்டதெல்லாம் எங்க?"

"ஆந்தி வந்துச்சில்ல? நான்தான் ஜல்தியா ஓடிப்போய் அள்ளிட்டு வந்தேன். ஒண்ணுகூடப் பறக்கல."

"கலரா இருந்ததெல்லாம்?"

"அதுவா? அடடா! அந்தக் கேசரிக் கலர்ல ஒண்ணு இருந்துச்சே, எண்ணெயில போட்டதும் பூரி மாதிரி உப்பிச்சு பாரு. ரசத்துக்கு அதுதான் தூக்கல்."

"அது ஆமையோட இதயங்க" என்றாள் வத்சலா.

பூவராகவன் மெல்லுவதை நிறுத்தினார். அவர் வாயில் அப்போது இருந்தது மனிதனின் இடது சிறுநீரகம்.

விஷயம் இதுதான். தமிழர்கள் நடத்தும் ஒரு பள்ளியில் வத்சலா ஆறு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. யாராவது பிரசவ லீவில் போனால் இவள் உள்ளே, அவர்கள் திரும்பினால் இவள் வெளியே. இப்போதுதான் உயிரியலுக்கு ஒரு நிரந்தர வேலை காலியாகியிருந்தது. மறுநாள் காலை கமிட்டி முன்னால் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக் காட்டவேண்டும். சார்ட் பேப்பர் கூடாது, கையால் செய்த மாடல்தான் வேண்டும் என்பது நிபந்தனை. 'கடல் ஆமையும் மனிதனும்' என்று வத்சலா பாடம் எடுத்துக்கொண்டாள். களிமண் டெல்லி வெயிலில் வெடித்துவிட்டது. வடாம் மாவு வெடிக்காதே என்று அதில் சாயம் கலந்து இரண்டு உடம்புக்கும் உள்ளுறுப்பு பிடித்து, இரண்டு வெயில் காயவைத்திருந்தாள். சீர்வரிசை மாதிரி இரண்டு தாம்பாளத்தில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு போவதாக எண்ணம்.

தட்டில் மிச்சம் இருந்தது பாதி கல்லீரல்.

"ஆறு வருஷங்க" என்றாள். "அந்த இன்னொரு கேண்டிடேட் லக்னோவிலேர்ந்து பிளாஸ்டிக் எலும்புக்கூடு கொண்டுவந்திருக்கா. நான் வெறுங்கையோட போய் நிக்கணும்."

பூவராகவனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. சண்டிகரில் ஒரு வேளை நன்றாகச் சாப்பிட்டிருந்தால் இந்த வினை வந்திருக்காது. "இப்ப என்ன செய்யறது?" என்றார்.

வத்சலா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கட்டையான உடம்பு, அகலமான முதுகு, கழுத்து இருக்கிறதா என்று தேடவேண்டிய தலை. அவள் முகம் மெல்ல மாறியது. இருபது வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வையைப் பூவராகவன் அறிவார். அது நல்லதில் முடிந்ததே இல்லை.

"எல்லா உறுப்பும் இப்ப உங்களுக்குள்ளதானே இருக்கு?" என்றாள். "நீங்களே வாங்க."

"நானா? நாலு பேர் முன்னாடி நான் வாயைத் திறந்ததே இல்லியே!"

"ஆமை பேசாது."

மறுநாள் காலை மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் கல்யாணத்துக்கு மாவு பிசையும் பெரிய பித்தளைப் பராத்தை வாங்கிக்கொண்டு, கட்டில் நாடாவைக் கழற்றி எடுத்துக்கொண்டு, இருவரும் ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் ஏறினார்கள். பராத்துக்குத்தான் இடம் தாராளமாக இருந்தது.

எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. பள்ளிச் செயலாளர் பாலசுப்ரமணியம் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் கல்வித்துறை இன்ஸ்பெக்டர் அம்மாள், இரும்புத் தூண் மாதிரி ஒரு பஞ்சாபி. ஆசிரியர் மேஜை மேல் சஃபாரி சூட்டோடு பூவராகவன் குப்புறப் படுத்திருந்தார். முதுகில் பராத். அதை மார்போடு சேர்த்து நாடா இறுக்கியிருந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"சிரிங்க, பரவால்ல" என்றாள் வத்சலா. "இவர் என் வீட்டுக்காரர். இப்போதைக்குக் கடல் ஆமை. மனுஷன் பராத்தைக் கழட்டி வெச்சிடலாம். ஆமையால முடியாது. ஏன்னா ஓடு அதோட சட்டை இல்ல, அதோட விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து ஒட்டிப்போனதுதான் ஓடு. நமக்குத் தோள்பட்டை விலா எலும்புக்கு வெளியில. ஆமைக்கு உள்ளே."

பூவராகவன் தோளைக் குறுக்கி உள்ளே இழுத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை, தானாகத் தோன்றியது.

"கையை நீட்டுங்க. பாருங்க, துடுப்பு மாதிரி இருந்தாலும் உள்ள நம்ம கை எலும்பேதான். அஞ்சு விரலும் இருக்கு."

அவர் நீந்தினார். மேஜை கிறீச்சிட்டது. வகுப்பு 'வாஹ்!' என்றது. அந்த 'வாஹ்' காதில் விழுந்ததும் பூவராகவனுக்கு என்னவோ ஆகிவிட்டது. ஆபீஸில் அவரைப் பார்த்து யாரும் இப்படிச் சொன்னதில்லை. அடுத்தது மூச்சு. தூங்கும் ஆமை தண்ணீருக்கடியில் மணிக்கணக்காக மூச்சை அடக்கும், அப்போது அதன் இதயம் நினைத்து நினைத்துத்தான் துடிக்கும் என்று வத்சலா சொல்ல, அவர் மூச்சை அடக்கினார். பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். முகம் சிவந்தது, ஊதா ஆனது. "விட்டுடுங்க, நீங்க மனுஷன்தான்" என்று வத்சலா பதறியபோது புஸ்ஸென்று விட்டார். அதுவும் பாடமாகிப் போனது.

அப்போது இன்ஸ்பெக்டர் அம்மாள் எழுந்தார். சிரிப்பில்லை. "எல்லாம் அச்சா. ஆனால் இதயத்தின் வித்தியாசம்? மாடல் எங்கே?" என்று ஹிந்தியில் கேட்டார்.

வகுப்பு அடங்கியது. ஆமைக்கு மூன்று அறை, மனிதனுக்கு நான்கு. தூக்கத்தில் கேட்டாலும் வத்சலா சொல்லுவாள். ஆனால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவள் விரல்கள் சாக்பீஸை நொறுக்குவதைப் பூவராகவன் மேஜையிலிருந்து பார்த்தார். அந்த விரல்கள் பிடித்த இதயம் அது. அவருக்குப் பொறுக்கவில்லை. ஆமை பேசாது என்ற சட்டம் அந்த இடத்தில் உடைந்தது.

தலையைத் தூக்கி, "மேம் சாப், தில் மைனே கா லியா!" என்றார். இதயத்தை நான் தின்றுவிட்டேன்.

"க்யா?"

"மனுஷனோடதும் நான்தான். பொரிச்சு. ரசத்தோட." நடுவில் வடாம், ஆந்தி, சண்டிகர் எல்லாவற்றையும் ஹிந்தியும் தமிழுமாகக் கொட்டினார். "மூணு அறை உள்ளது நல்லா உப்பிச்சு மேம் சாப். நாலு அறை உள்ளது உப்பல. நடுவுல சுவர் ஜாஸ்தி."

இரும்புத் தூண் ஆடியது. இன்ஸ்பெக்டர் அம்மாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உட்கார்ந்து சிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், கன்னமெல்லாம் நனைந்து ஓடியது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள்.

வத்சலாவுக்கு உயிர் வந்தது. "இங்க பாருங்க, எல்லாரும் மேம் சாப் கண்ணைப் பாருங்க!" என்று கத்தினாள். "மனுஷனுக்குச் சிரிச்சாலும் கண்ணீர், அழுதாலும் கண்ணீர். கரைக்கு வர்ற ஆமைக்கும் கண்ணுல வழியும். அது அழுகை இல்ல. கடல்ல குடிச்ச உப்பை வெளியேத்துது. நமக்கு அந்த வேலையில பெரும்பங்கைச் செய்யறது சிறுநீரகம். ஆமைக்குக் கண் பக்கத்துல அதுக்குன்னே சுரப்பி இருக்கு."

"உப்பு ஜாஸ்தியாத்தான் இருந்துச்சு" என்றது ஆமை.

செயலாளர் பாலசுப்ரமணியமும் இன்ஸ்பெக்டர் அம்மாளும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். வத்சலா சுவரோடு ஒட்டி நின்றாள். பூவராகவனுக்குத் தன் நெஞ்சு மேஜையில் அடிப்பது கேட்டது. நான்கு அறையும் சேர்ந்து அடித்தன.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

"டீச்சரம்மா நிரந்தரம்" என்றார். "ஆமை தற்காலிகம். வருஷா வருஷம் இந்தப் பாடம் வரும்போது கூப்பிட்டு விடுவோம்."

வத்சலா கமிட்டியை மறந்தாள், வகுப்பை மறந்தாள், கையில் இருந்த சாக்பீஸை எங்கோ எறிந்தாள். ஓடிவந்து பராத்தின் மேல் இரண்டு கையாலும் தாளம் போட்டாள். எட்டாம் வகுப்பு முழுக்க எழுந்து கைதட்டியது. பூவராகவனுக்கு உள்ளே காது அடைத்தது, விலா எலும்பெல்லாம் அதிர்ந்தது.

"இன்னும் அடி!" என்றார்.