ஆறாம் மாடியிலிருந்து பனிமலைக்கு

பர்மாவின் வடக்கே பயணிகளுக்குப் புதிதாகத் திறந்துவிட்ட பனிமலைக் கிராமங்களுக்கு நடந்து போகப் பாசில் துடித்தார். "தினமும் ஆறு மாடி ஏறுறேன்" என்று வழிகாட்டி சண்முகநாதனிடம் அளந்திருந்தார்.

அனுமதிச் சீட்டோடு சண்முகநாதன் லான்மடாவ் தெருவில் நின்று கூப்பிட்டதும், ஆறாம் மாடியிலிருந்து பாசிலின் கை பழக்கத்தில் கயிற்றை இறக்கியது. ரங்கூன் மாடிவாசிகளுக்குக் கயிறுதான் கால். நுனியில் கவ்வி, மேலே மணி. கீழே இருப்பவர் பேப்பரையோ மீனையோ மாட்டி இழுத்தால் மணி அடிக்கும், மேலே தூக்கிக்கொள்ளலாம்.

சண்முகநாதன் சீட்டை மாட்டவில்லை. "ஏறுற ஆளுக்குக் கயிறு எதுக்கு, பாய்? இறங்கி வாங்க, சேர்ந்தே ஏறுவோம்."

இறங்கி வந்து சேர்ந்து ஏறியபோது, மூன்றாம் மாடியிலேயே பாசில் உட்கார்ந்துவிட்டார்.

"மலையில என்ன பண்ணுவீங்க?" என்றார் சண்முகநாதன்.

மனைவி ஜஸீலா மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கும் சேர்த்து ரெண்டு சீட்டாப் போடுங்க, தம்பி. மேலே நின்னு இவரை இழுக்க ஆள் வேணுமில்ல?"