உள் விளிம்பு

டோரீன் தன் கடையில் வேதவல்லியின் ஐஸ் ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கல்லாவிலிருந்து ஒரு காசை எடுத்து பிளேடின் மேல் குறுக்காக வைத்தாள். காசு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இன்னொரு ஸ்கேட்டிலும் வைத்துப் பார்த்தாள். அதுவும் உள்பக்கமாகவே சாய்ந்தது. வாயிலிருந்த சிகரெட்டை எடுத்து நசுக்கிவிட்டு வேதவல்லியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை கொஞ்சமும் இல்லை.

"யார்கிட்ட கொடுத்த இத?"

"யார்கிட்டயும் கொடுக்கல. சீசன் ஆரம்பத்துல நீங்க சாணை பிடிச்சதுதான்."

"நான் பிடிச்ச சாணையா? இங்க பாரு." டோரீன் விரல் நகத்தை பிளேடின் வெளி விளிம்பில் குறுக்காக இழுத்தாள். நகத்திலிருந்து வெள்ளைத் தூளாகச் சீவல் விழுந்தது. அதே நகத்தை உள் விளிம்பில் இழுத்தபோது ஒன்றும் விழவில்லை. "என் கல்லு ரெண்டு விளிம்பையும் சமமாத்தான் எடுக்கும், நடுவுல பள்ளம் விட்டு. இது கல்லு இல்ல. அரம். யாரோ உள் விளிம்ப மட்டும் கையால ராவியிருக்கான், உந்தறதும் நிக்கறதும் அதுலதான். இந்தக் கீறல் எல்லாம் நீளவாக்குல ஒரே மாதிரி ஓடுது பாரு. சிமெண்டுல நடந்தா இப்படி வராது. பக்கத்துல இதோ, வைஸ்ல இறுக்கின தடம். துணி சுத்தி இறுக்கியிருக்கான். வேலை தெரிஞ்சவன்தான், ஆனா கழுதை."

வேதவல்லி வைஸ் தடத்தைப் பார்த்தாள். மங்கலான ஒரு பட்டை, துணியின் நெசவு கூடப் பதிந்திருந்தது. அவர்கள் வீட்டிலும் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்த மாதிரி வைஸ் ஒன்று இருந்தது. டொராண்டோவின் மோர்னிங்சைட் பகுதியில் அந்த வீட்டை வாங்கிய முதல் மாதமே அவள் கணவர் சபாபதி கீழ்த்தளத்தில் ஒரு மரப்பலகையில் அதை முடுக்கி வைத்தார். ஒரு கட்டட நிறுவனத்தில் இன்ஜினியர் அவர். விடுமுறை நாட்களில் வீட்டின் கதவுக் கீல்களையும் குழாய்களையும் தானே சரிசெய்வதில் அவருக்கு ஒரு பெருமை.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. டோரீன் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள், அது தூரத்தில் யாரோ பேசுவது போலக் கேட்டது.

கோவில்பட்டியில் பிறந்தவள் வேதவல்லி. அங்கே ஹாக்கி மட்டை இல்லாத வீடு குறைவு. அண்ணன்களோடு செம்மண் மைதானத்தில் ஆடி, பிறகு திருச்சியில் கல்லூரி அணிக்கும் ஆடியவள். டொராண்டோவில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே நர்ஸுகளும் லேப் பெண்களும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள் என்று தெரிந்தது. பெண்கள் என்பதால் யாருக்கும் வேண்டாத விடிகாலை நேரத்தைத்தான் ஐஸ் மைதானத்தில் கொடுத்திருந்தார்கள். அணித்தலைவி மார்கரெட், அறுவைச் சிகிச்சைப் பிரிவு நர்ஸ். "உனக்கு மட்டை பிடிக்கத் தெரியும், சறுக்க மட்டும் கத்துக்கிட்டாப் போதும்" என்று சொல்லி இவளைச் சேர்த்துக்கொண்டாள். ஒரு குளிர்காலம் முழுவதும் இரவல் ஸ்கேட்டில் விழுந்து விழுந்து எழுந்தாள். அடுத்த வருஷம் சொந்தமாக வாங்கப் போனால், பெரிய கடையில் விற்பனைப் பையன் இவள் புடவையைப் பார்த்துவிட்டு, நடனம் ஆடுகிறவர்கள் போடும் வெள்ளை ஸ்கேட்டை எடுத்து வந்தான். ஹாக்கிக்கு என்று சொன்னதும், "உங்க மகனுக்கா?" என்றான். அவளுக்கு மகனும் இல்லை, மகளும் இல்லை. ஸ்கேட் வாங்க வந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வி காத்திருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மார்கரெட்தான் அவளை டோரீனிடம் அழைத்துப் போனாள். கிங்ஸ்டன் ரோட்டில் ஒரு சின்னக் கடை. டோரீன் அவளைத் தாளின் மேல் நிற்க வைத்து, உடம்பின் முழு எடையும் இறங்கிய பிறகு பென்சிலால் கால் வரைந்தாள். புறங்கால், குதிகால், கணுக்கால் என்று சுற்றளவு எடுத்தாள். "விரல் பக்கம் அகலம், குதிகால் ஒடுக்கம். கடையில விக்கிறது எது போட்டாலும் ஒண்ணு முன்னால நசுக்கும், இல்ல பின்னால தூக்கும். குதிகால் தூக்குச்சுன்னா நீ ஸ்கேட்டை ஓட்டல, ஸ்கேட்டு உன்னை ஓட்டுது" என்றாள். கல்லூரியில் மட்டையடி பட்டு வலது கணுக்காலில் எலும்பு கொஞ்சம் துருத்தி நின்றது. டோரீன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, ஸ்கேட்டின் தோலை அங்கே மட்டும் உள்ளிருந்து தட்டி வெளியே தள்ளினாள். ஸ்கேட் தயாராகி வந்தபோது நேராக நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட்டது. முழங்காலை மடக்கியதும் விலகிக்கொண்டது. குதிகால் அசையவே இல்லை. வேதவல்லி கடை நடுவில் ரப்பர் விரிப்பின் மேல் நின்றுகொண்டு அழுதுவிட்டாள். கல்யாணத்துக்கு நகை போட்டபோது கூட யாரும் அவள் அளவைக் கேட்டதில்லை. அம்மாவின் வளையல்கள்தான் வந்தன, அவை இன்னமும் கழன்று விழும்.

சபாபதி அப்போது எவ்வளவு சந்தோஷப்பட்டார்! பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த ஸ்கேட்டைக் கொண்டுவந்து காட்டினார். "என் வொய்ஃப் ஐஸ் ஹாக்கி ஆடறா சார். நான் எதுக்கும் குறுக்க நிக்கிறதில்ல." அவர் நண்பர் கல்யாணசுந்தரம் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "அது சரி, அப்ப வீட்ல கோல்கீப்பர் யாரு, நீங்களா? அடி வாங்கறது அவர்தானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சபாபதிதான் அதிகம் சிரித்தார். அவர் சிரித்து முடித்து வெகுநேரம் கழித்தும் அவர் காது மடல்கள் சிவந்திருந்ததை வேதவல்லி பார்த்தாள், பார்த்துவிட்டு மறந்துபோனாள்.

அதற்குப் பிறகுதான் அவள் விழ ஆரம்பித்தாள். உந்தினால் கால் வழுக்கியது. நிற்க நினைத்தால் நிற்க முடியவில்லை. வாரத்துக்கு வாரம் மோசமானது. தனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தாள். செம்மண்ணில் ஓடின காலுக்கு இது வராது போலிருக்கிறது என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்தால் சபாபதி வெந்நீர் வைத்துத் தருவார், முழங்காலில் தைலம் தேய்த்துவிடுவார். "விட்டுடறதுன்னாலும் விட்டுடு வேதா. உன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." போன மாதம் ஒருநாள் ஐஸைச் சுற்றியிருக்கும் தடுப்புப் பலகையோரமாக நின்றிருந்த மார்கரெட்டை நோக்கி வேகமாகப் போனவள், நிற்க முடியாமல் நேராக அவள் மேலேயே போய் மோதினாள். மார்கரெட்டின் மணிக்கட்டு முறிந்தது. அறுவைச் சிகிச்சை அறையில் நிற்கிற கை அது. வேதவல்லி அவள் வீட்டுக்குப் போய், சமைத்துக் கொண்டுபோனதை அடுப்பில் சூடாக்கிக் கொடுத்து, பாத்திரம் கழுவி, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கும் காரில் கூட்டிக்கொண்டு போனது சபாபதிதான். மார்கரெட்டுக்கு அவர் பூங்கொத்து வாங்கி வந்திருந்தார்.

அந்தப் பூங்கொத்து நினைவுக்கு வந்த நொடியில்தான், டோரீன் கடையில், வேதவல்லிக்குக் கோபம் வந்தது. கல்லாப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சாணை போட்டுத் தரட்டுமா?" என்றாள் டோரீன். குரல் இப்போது இறங்கியிருந்தது. அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "விளிம்பு திரும்ப வரணும்னா நிறைய இரும்பு போகும். போனது போனதுதான்."

"ஒண்ணுக்கு மட்டும் போடுங்க. வலதுக்கு. இடது அப்படியே இருக்கட்டும், வீட்ல ஒருத்தருக்குக் காட்டணும். நாளைக்கு அதுக்குப் போட, ஆட்டத்துக்கு முன்னால சீக்கிரமாவே வந்து கடையத் திறப்பீங்களா?"

"மைதானத்துக்கே கொண்டு வா. அங்க இருக்கிற மெஷினும் என்னோடதுதான்" என்றாள் டோரீன்.

வீட்டுக்கு வந்தபோது சபாபதி சமையலறையில் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சமையல் அவருடையது. அதையும் எல்லோரிடமும் சொல்வார். வேதவல்லி கோட்டைக் கழற்றவில்லை. இரண்டு ஸ்கேட்டுகளையும் சாப்பாட்டு மேஜை மேல் பிளேடு மேலே இருக்கும்படி வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். கரண்டி கையிலேயே இருந்தது. "என்ன இது, சாப்பிடற இடத்துல?"

"வலது ஸ்கேட்டத் தொட்டுப் பாருங்க. அப்புறம் இடது."

"எதுக்கு?"

"ஒண்ணு டோரீன் வேலை, ஒண்ணு உங்க வேலை. எது நல்லா வந்திருக்குன்னு சொல்லுங்க."

கத்தரிக்காய் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவர் போய் அடுப்பை அணைத்தார். அணைக்க அத்தனை நேரம் தேவையில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே, "நீ என்ன சொல்றேன்னு எனக்குப் புரியல" என்றார்.

"துணி சுத்தி இறுக்கியிருக்கீங்க. பிளேடு பக்கம் கீறல் விழக் கூடாதுன்னு. அவ்வளவு அக்கறை."

அவர் திரும்பினார். முகத்தில் பயம் இருந்தது, ஆனால் குரல் உயர்ந்தது. "உன்னை ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேண்டாம்னு சொல்லியிருக்கேனா? யாரு வீட்ல இப்படி விடுவாங்க? குளிர்ல எந்திரிச்சு வண்டி ஓட்டிக் கொண்டுபோய் விட்டேன். சொல்லு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

"அதத்தான் கேக்கறேன். ஏன் சொல்லல?"

அவர் கரண்டியை மேஜை மேல் வைத்தார்.

"சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன். சண்டை வந்திருக்கும். பேச்சில்லாம ஒரு மாசம் போயிருக்கும். ஊருக்கெல்லாம் பெருமையடிக்க முடியாமப் போயிருக்கும். அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். நல்லவராவும் இருக்கணும், நான் வீட்லயும் இருக்கணும். நானே விழுந்து, நானே அழுது, நானே போதும்னு சொல்லணும். அதுக்கு என் முழங்காலுக்குத் தைலம் வேற." அவள் குரல் உடைந்தது. அது உடைந்ததற்காக அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. "நான் என் உடம்பையே சந்தேகப்பட்டேன். தெரியுமா உங்களுக்கு? என் காலையே வெறுத்தேன்."

"அடி படும்னு நினைக்கல வேதா. லேசாத்தான்... கொஞ்சம் வழுக்கினா நீயே பயந்து..."

"மார்கரெட்டுக்கு அடிபட்ட பிறகும் ராவினீங்களா?"

அவர் மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் நேராக்கினார். அதிலேயே தெரிந்துவிட்டது. அந்த நொடியில் அவள் அவரை அடித்திருப்பாள், கையில் ஏதாவது இருந்திருந்தால். மேஜையின் இந்தப் பக்கத்தில் நின்றபடியே, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"நாளைக்கு மார்கரெட் வருவா. கட்டோட உக்காந்து எங்க ஆட்டத்தப் பாப்பா. நீங்க வண்டியில உக்காந்திருக்கக் கூடாது. உள்ள வரணும். அவகிட்டப் போய் என்ன செஞ்சீங்கன்னு சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். உங்க அரத்துக்காக நான் ஏற்கெனவே அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"நான் போய் அவகிட்ட... வெளியாளுங்ககிட்ட இதெல்லாம்... சொல்லலன்னா?"

அவள் ஸ்கேட்டுகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை சபாபதிதான் கார் ஓட்டினார். பனி வழித்துத் தள்ளியிருந்த சாலையின் இருபக்கமும் கரிய குவியல்கள். மைதானத்தில் டோரீன் இடது ஸ்கேட்டைக் கல்லில் பிடித்தாள். பொறி பறந்தது. எண்ணெய்க் கல்லால் பிளேடின் பக்கங்களைத் தேய்த்துப் பிசிறு எடுத்து, காசை வைத்துப் பார்த்தாள். ஸ்கேட்டை நீட்டினாள். வேதவல்லி நாடாவைக் கணுக்கால் வரை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். கால் ஐஸைப் பிடித்தது. அத்தனை வாரங்களாக அவளுடையது அல்லாமல் போயிருந்த கால். ஒரு சுற்று வந்தாள், திரும்பினாள், நின்றாள். நின்ற இடத்தில் நின்றாள். சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது.

ஆட்டம் ஆரம்பித்துச் சற்று நேரத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சபாபதியைப் பார்த்தாள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மார்கரெட் தடுப்பை ஒட்டிய இருக்கையில், வெள்ளைக் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். தலையைச் சாய்த்து ஏதோ சொன்னார். வேதவல்லி ஆட்டத்தின் ரப்பர் வட்டை யாருக்கோ தள்ளிவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டு சறுக்கினாள். சபாபதியின் கை அசைந்தது. தோள் குலுங்கியது. மார்கரெட் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். நன்றாக இருந்த கையால் அவர் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள்.

சிரிக்கிறாள். அப்படியென்றால் அவர் சொல்லவில்லை.

வட்டு எங்கோ போயிற்று. சக ஆட்டக்காரி ஒருத்தி "வேதா! வேதா!" என்று கத்தினாள். வேதவல்லி ஐஸின் குறுக்காக, ஆட்டத்தின் நடுவே புகுந்து, அவர்கள் இருவரையும் நோக்கி நேராகப் போனாள். தலை குனிந்திருந்தது, முழங்கால் மடங்கியிருந்தது, ஒவ்வொரு உந்தலிலும் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. சபாபதி அவளைப் பார்த்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்று ஓரடி பின்வாங்கினார். தடுப்புக்கு ஒரு கை தூரத்தில் இரண்டு பிளேடுகளையும் குறுக்கே திருப்பினாள். ஐஸ் கிழிந்த சத்தம் மேற்கூரை வரை போனது. தூளான பனி எழுந்து கண்ணாடி முழுவதும் அறைந்து மூடியது.

நடுவர் விசிலை நீளமாக ஊதினார். வேதவல்லி மட்டையை ஊன்றி மூச்சிரைக்க நின்றாள். வெள்ளையாகிப் போன கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு நிழல்கள் மட்டும் தெரிந்தன. பிறகு பனி மெல்லக் கரைந்து, கோடு கோடாக வழிந்து இறங்க ஆரம்பித்தது. ஒரு கோட்டின் வழியாக முதலில் மார்கரெட்டின் முகம் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. வேதவல்லியையும், போன மாதம் நிற்க முடியாமல் மோதியவள் இன்று நின்றிருந்த இடத்தையும் ஒரு கணம் பார்த்தாள். பிறகு இருக்கையிலிருந்து எழுந்து, சபாபதியின் பக்கம் முழுதாகத் திரும்பி நின்றுகொண்டு, ஏதோ ஒன்றைக் கேட்டாள்.