அமலாவின் செல்கள்

ஆய்வகத்தில் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாகிவிட்டது. மைக்ரோஸ்கோப்பின் கழுத்தில் சாமந்தி மாலை. சரஸ்வதி படத்தைச் சுற்றி நீல சீரியல் செட் எரிந்தது. படத்தின் காலடியில் அந்த வட்டத் தட்டு இருப்பதை அஸ்வினி வாசலிலிருந்தே பார்த்துவிட்டாள். அதைச் சுற்றியிருந்த அலுமினியத் தாளைக் காணவில்லை.

"யாரு பிரிச்சது?"

"நாந்தான் மேடம்," என்றாள் உதவியாளர் கலைப்பிரியா. "சாமி முன்னால மூடி வெக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லும்."

"எப்போ வெச்ச?"

"பூ கட்டிக்கினு இருந்தப்பவே. தப்பா மேடம்?"

அஸ்வினி சீரியல் செட்டின் பிளக்கைப் பிடுங்கினாள்.

தட்டில் இருந்தவை அமலாவின் செல்கள். நீல ஒளிக்கு அசையும் ஒரு புரதத்தை அவற்றுக்குள் அமைத்தவள் அவள். ஒளி பட்டால் புரதம் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும். செல்லை வளரச் சொல்லும் செய்தி அங்கேதான் தொடங்கும். இருட்டினால் புரதம் நடுவுக்குத் திரும்பும். அமலா இறந்து இரண்டு வருடம். குளிரூட்டும் திரவ நைட்ரஜன் வராத ஒரு கோடையில், உறைய வைத்திருந்த குப்பிகள் கெட்டன. தப்பிய ஒன்றிலிருந்து வளர்த்தது இந்தத் தட்டு. நீல ஒளி அதிகமானால் செல்கள் சாகும். செத்தால் அமலா செய்தது எங்கும் இல்லை.

கலைப்பிரியா ஜன்னல்களை மூடினாள். புரதத்தை அசைக்காத சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

விழுப்புரத்தில் ஒன்றாக ஆராய்ச்சி செய்த நாட்களில் அஸ்வினிக்கும் அமலாவுக்கும் சிவப்பு விளக்குகூட இல்லை. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றியிருந்தார்கள். புரதம் முதன்முதலாகத் திரும்பிய அன்று அமலா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். "ஜல்தி பாருடி! கடைசி பாசஞ்சர வுட்டுடுவோம்னு நீ ஓடுவியே, அப்டியே வர்றாங்க." அன்றும் ஸ்டேஷன்வரை வந்தாள். திண்டிவனம் வண்டி நகர்ந்த பிறகும் பிளாட்பாரத்தில் நின்று மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

அஸ்வினி தட்டை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துக் குனிந்தாள். செல் ஒவ்வொன்றும் சிவப்பு வளையமாகத் தெரிந்தது. புரதம் எல்லாம் விளிம்பிலேயே நின்றது.

"செத்துடுச்சா மேடம்?"

"இரு."

வெளியே யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள். ஒரு வளையம் மெலிந்ததுபோல் இருந்தது. அஸ்வினி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

"ஜல்தி பாரு."

கலைப்பிரியா குனிந்தாள். சாமந்தி அவள் நெற்றியில் உரசியது. அதை ஒதுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.